ஸ்டீயரிங் பிடிக்க ஓர் ஆள்

அப்பா தினமும் காலையில் காரில் ஏறி வேலைக்குப் போவார். அந்தக் கார் நகர்ந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, காற்று இறங்கிய டயர்களோடு நின்றது. அப்பா முக்கால் மணி நேரம் உள்ளே இருப்பார். கியர் மாற்றுவார். குறுக்கே வருபவர்களைத் திட்டுவார். பிறகு நான் போய்க் கதவைத் திறந்து, "வீடு வந்தாச்சுப்பா" என்பேன். இறங்கி என் முகத்தைப் பார்ப்பார்.

"என்ன குருவி, சாப்பிட்டியா?"

அப்போது மட்டும்தான் நான் அவருக்கு மகள். அதன் பிறகு சாப்பிடுவார். மற்ற நேரங்களில் நான் யாரோ ஒரு பெண். யாரோ கொடுப்பதை அப்பா வாயில் வைக்கமாட்டார்.

காருக்கு நேர் கீழேதான் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதில் விரிசல் விட்டுவிட்டது. பத்து நாளாகப் பதினாறு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. காரை எடுத்தால்தான் தொட்டியைச் சரிசெய்ய முடியும். நகர்த்தி நிறுத்த வேறு இடமும் இல்லை. ஓடாத வண்டியைத் தெருவில் நிறுத்தவும் விடமாட்டார்கள்.

"எனக்கும் மனசு கேக்கலம்மா," என்றார் குடியிருப்புச் செயலாளர். அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "மூணாவது மாடியில பச்சக் குழந்த இருக்கு. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

எனக்கு வாதாட வராது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை காயலான் கடைக்காரர் வந்தார். தாழ்ந்த கூரைக்குள் அவருடைய லாரி நுழையாது என்பதால் தெருவில் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எலி பேரன் பேத்தியே எடுத்துடுச்சு மேடம். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்தீங்களா?"

டயர்களுக்குக் காற்றடித்தார். "தெரு வரைக்கும் தள்ளிடலாம். ஸ்டீயரிங் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

அப்பா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். இறக்கிவிடத்தான் போனேன். கடைசியாக ஒருமுறை கார் உண்மையிலேயே நகரட்டுமே என்று தோன்றிவிட்டது.

"அப்பாவே பிடிக்கட்டும்."

"பெரியவர் எங்கயாவது விட்டுடப்போறாரு."

"இருபத்தாறு வருஷம் ஓட்டினவர்."

கடைக்காரர் ஜன்னலோரம் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி நடந்தார். செயலாளரும் நானும் இன்னும் இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ளினோம்.

"தொப்பைய ஒதுக்கிட்டுக் கைய வெச்சுத் தள்ளுங்க சார்!" என்று கடைக்காரர் கத்தினார். செயலாளரே சிரித்துவிட்டார்.

தூணில் உரசாமல், வாயிற்கதவில் இடிக்காமல் அப்பா வளைத்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

கார் லாரிக்குப் பின்னால் போய் நின்றது. மூச்சு வாங்க ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"வீடு வந்தாச்சுப்பா."

அப்பா வெளியே பார்த்தார். லாரி. மருந்துக்கடை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? இது எங்க வீடு இல்ல."

"குருவிப்பா."

அவர் பயந்துபோய்க் கடைக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வண்டி பாதி வழியில நின்னுடுச்சு. என்ன வீட்ல விட்டுடுறீங்களா? பொண்ணு தனியா இருப்பா."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அப்பாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்து வந்தார். நான் பின்னால் நடந்தேன்.

அப்பா நாற்காலியின் நுனியில் விருந்தாளியைப் போல் உட்கார்ந்தார். கீழே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. தட்டை முன்னால் வைத்தேன். அதை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"தப்பா நினைக்காதம்மா. என் பொண்ணு வந்துடட்டும்."

சாயங்காலம் மறுபடியும் வைத்தேன். அதையே சொன்னார். மறுநாள் காலையிலும்.