பிச்சையா அண்ணாச்சி போன் போடவில்லை

...மூன்று மணிக்கும் வரவில்லை, மூன்றரைக்கும் வரவில்லை, பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும் போனை எத்தனை தடவைதான் எடுத்துப் பார்ப்பது, நான் அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது, பிச்சையா அண்ணாச்சி இப்படித் தவறுகிற ஆளே இல்லையே... மலைமேல் ஓடைப் பாறையில் நின்று தண்ணீரைப் பார்த்து அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவார், "தண்ணி தெளிவாத்தான் வருது தாயி" என்பார், கலங்கினால் "ஆளுகள ஏத்து" என்பார், அங்கிருந்து வெள்ளம் ஐந்தருவிக்கு வந்துசேரப் பத்து நிமிஷம், அதற்குள் பெண்கள் பக்கத்தைக் காலி செய்யவேண்டியது ஊர்க்காவல் படை ஆனந்தவள்ளி, அதாவது நான். மலையே தெரியவில்லை, ஒரே கறுப்பு. பயமாக இருக்கிறது, ஆமாம், பயம்தான், இருநூறு பேர் உள்ளே நிற்கிறார்கள், விசிலை வாயில் வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கிறேன்?

எதற்கென்று தெரியாதா, எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமையால்தான். அன்று அவர் கூப்பிட்டார், ஊதினேன், தலை நிறைய எண்ணெயும் கண் நிறைய சீயக்காயுமாக அத்தனை பேரையும் விரட்டி ஏற்றினேன், ஒரு மணி நேரமாகியும் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை, மேகநிழலைக் கலங்கல் என்று நினைத்துவிட்டாராம். "ஏட்டி, இந்த எண்ணெயோட நான் பஸ்ல எப்படி ஏற?" என்று ஒரு அம்மா கத்த, பஜ்ஜிக் கடை தில்லைநாயகம் "வெள்ளத்த எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?" என்று எல்லார் முன்னாலும் சிரிக்க, எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சியிடம் போனில்... சரி, அது இப்போது எதற்கு, தண்ணீரைப் பார். சத்தம் மாறுகிறதா? இல்லை. ஐயோ, மாறுகிறது, அடியில் கல் உருளுகிற மாதிரி ஒரு முனகல், பச்சை இலை, இன்னொன்று, இப்போதுதான் ஒடிந்த கொப்பு, மண்வாடை... சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், ஊதுகிறேன், மூச்சு முட்ட ஊதுகிறேன்.

"அலசிட்டு வாரேங்க்கா, ஒரே நிமிசம்!" கம்பியைப் பிடித்து நிற்கிறாள் ஒருத்தி, உடம்பெல்லாம் எண்ணெய், கையைப் பிடித்தால் வழுக்குகிறது, தோளில் கிடந்த துண்டோடு சேர்த்து இழுக்கிறேன், "உசுரு கெடந்தா வீட்டுல போயி அலசலாம், ஏறுட்டி!" அவளைப் படியில் தள்ளித் திரும்பினால் செக்கச்செவேலென்று விழுகிறது தண்ணீர், கம்பியைக் காணோம், முதல் படியைக் காணோம். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், என் காக்கிச் சட்டையெல்லாம் எண்ணெய். தில்லைநாயகம் ஒரு டீயை நீட்டுகிறார். எல்லாரும் ஏறியாயிற்று, ஒருத்தர் விடாமல் ஏறியாயிற்று, டீயைக் கீழே வைத்துவிட்டுக் கவருக்குள்ளிருந்து போனை எடுக்கிறேன்...

மறுபடி அடிக்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. சார்ஜ் போயிருக்கும். மரத்தடியில் ஒதுங்கியிருப்பார். தேடி ஆள் போயிருக்கிறது, வந்துவிடுவார்கள். பாறைமேல் நின்றுதானே பார்ப்பார், அத்தனை உயரத்துக்கு எந்த வெள்ளம் ஏறும், ஓடைக்குள் அவர் இறங்கவே மாட்டாரே... மாட்டாரா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் நான் என்ன கத்தினேன்? "மேல நின்னு குத்துமதிப்பா சொல்லாதீய அண்ணாச்சி, எறங்கிப் போயி பாத்துட்டுச் சொன்னா என்ன?" அவர் கோபப்படக்கூட இல்லை. "சரி தாயி, இனிமே எறங்கியே பாக்கேன்" என்றார்.