இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

கட்டுரை இருநூற்று ஒன்பதாம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. நான் தேடி வந்ததோ இருநூற்றுப் பதினான்கு. நூலகத்தின் அடித்தளத்தில் நின்றபடியே அந்தப் பழைய ஆய்விதழைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் வேறு யாரோ பாலத் தூண்களைப் பற்றி எழுதியிருந்தார்.

ஆய்வின் முதல் வருடத்தில் நான் இப்படியெல்லாம் தேடியதில்லை. கண்ணில் பட்ட பெயரையெல்லாம் மேற்கோள் பட்டியலில் ஏற்றினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பெயர் கூடினால் அறிவும் கூடும் என்று ஒரு நினைப்பு. விஷயம் புரியத் தொடங்கியபின் ஒவ்வொரு பெயரும் ‘என்னைப் படித்தாயா?’ என்று கேட்டது. படிக்கப் படிக்கப் பட்டியல் இளைத்து எண்பத்தெட்டுக்கு வந்தது. பாழாய்ப்போன புத்தி அதோடு நின்றிருக்கலாம்.

ஈரக் களிமண் சரிவதற்கு முன் விரிசல் விடும் என்பதற்கு எல்லோரும், இருநூற்றுப் பதினான்காம் பக்கம் என்று போட்டு, காட்டும் கட்டுரை இதுதான். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. இருநூற்றேழாம் பக்கத்தில் கட்டுரை ஆசிரியர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘விரிசல் விடக்கூடும். நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.’

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவகாசம் ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது.

நெறியாளரிடம் போய் அந்த இருநூற்றேழாம் பக்கத்தைக் காட்டினேன்.

“எல்லாரும்தானேம்மா போட்டிருக்காங்க?”

“எல்லாருமே இல்லாத பக்கத்தப் போட்டிருக்காங்க சார். ஒருத்தரும் பிரிச்சே பாக்கல.”

“மொதல்ல போட்டது யாரு?”

அதையும் கண்டுபிடித்திருந்தேன். என் கண் அவருடைய அலமாரிப் பக்கம் போயிற்று. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து, அலமாரியிலிருந்து இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தன் ஆய்வேட்டை எடுத்தார். பின்னாலிருந்த மேற்கோள் பட்டியலைப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நெட்டுல எதுவும் கெடைக்காத காலம்மா. யாரோ குறிச்சு வச்சிருந்தத நம்பிட்டேன்.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அந்த அத்தியாயத்த எடுத்துட்டா உனக்கு என்னம்மா மிஞ்சும்?” என்றார். ஒன்றும் மிஞ்சாது என்று இருவருக்கும் தெரியும்.

அன்று மாலை மேற்கோள் பட்டியலில் அந்தக் கட்டுரையின் வரியை அழித்தேன். கீழேயிருந்த எண்களெல்லாம் தாமாகவே ஒவ்வொன்று குறைந்தன. அரை மணி நேரம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போடும் முன் நேராகப் பட்டியலுக்குத்தான் போனார். அந்த வரியில் விரலை வைத்தார்.

“பக்கத்த மட்டும் திருத்திட்டேன் சார். இருநூத்தியேழு.”



“யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்கம்மா,” என்றார்.

வலது கையால் பேனா மூடியைத் திறந்தார். இடது கை விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது.