டாக்டரம்மாவின் சிவப்புக் கல்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் நகைக்குக் கல் பதிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். கல்லுக்காரி என்போம். முன்னறைதான் அவளுக்குப் பட்டறை. மூன்றாம் மாடியில் டாக்டரம்மா. பல் டாக்டர் என்னவோ அவள் வீட்டுக்காரர்தான். இவள் டோக்கன் கொடுக்கிறாள். புருஷன் பெண்டாட்டி ஒரு பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் நமக்கென்ன?

டாக்டரம்மாவிடம் மாமியார் கொடுத்த மோதிரம் ஒன்று உண்டு. "மாணிக்கமாக்கும்" என்று அவள் அதை நீட்டிக் காட்டாத ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை. கல் ஆடுகிறதென்று கல்லுக்காரியிடம் கொடுத்திருந்தாள். சிவப்பாகப் போனது, வியாழக்கிழமை ஆரஞ்சாகத் திரும்பி வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஏதோ கலங்கல் வேறு.

"கண்ணாடியை வெச்சு ஏமாத்திட்டா" என்று டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னாள். நானும் நம்பிக்கையான நாலு பேரிடம் மட்டும்தான் சொன்னேன். அதில் ஒருத்தி நகைக்கடை முதலாளியின் மச்சினி என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கல்லுக்காரியின் வேலையில் முக்கால்வாசி அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. சனிக்கிழமை காலையில் முதலாளி போன் செய்துவிட்டார்: சாயங்காலம் ஆள் வரும், எங்கள் கல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. கல்லை மாற்றுகிறவள் என்று ஒரு கடை ஒதுக்கினால், மற்ற கடைகள் திரும்பியும் பார்க்காது.

அழுதுகொண்டு வருவாள் என்று வாசலிலேயே நின்றேன். அவளோ படிக்கட்டுக்குக் கீழே நின்று, காய்கறி கேட்கிற குரலில் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, மோதிரத்தோட கீழ வாங்க. அக்கா, நீங்களும் வாங்க. நீங்க இல்லாம எப்படி?"

போனோம். மேசைமேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் நகம் அளவு தெர்மாகோல் துண்டு. இரண்டே நிமிடத்தில் மோதிரத்திலிருந்து கல்லை நெம்பி எடுத்தாள்.

"இது மாணிக்கமும் இல்ல, கண்ணாடியும் இல்ல. கோமேதகம். கார்னெட் வகை."

"எங்க மாமியார் பொய் சொன்னாங்கங்கறியா?"

"அவங்களுக்கு யாரு சொன்னாங்களோ! சுண்ணாம்புப் பாறை பூமிக்குள்ள சூட்டுல வெந்து உருமாறும்போது உண்டாகுற கல்லு இது. பாறை தேஞ்சு போனதும் ஆத்து மணல்ல வந்து கிடக்கும். இரும்பு, மாங்கனீசு எல்லாம் கொஞ்சம் கலந்திருக்கும். இந்த நிறமே அதனாலதான்."

லென்ஸை என்னிடம் நீட்டினாள். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: தண்ணீரில் சர்க்கரைப் பாகை ஊற்றினால் நெளியுமே, அந்த நெளிவு.

"அதான் கண்ணாடி உருகின கோடு" என்றாள் டாக்டரம்மா.

கல்லுக்காரி உடைந்த பாட்டில் சில்லு ஒன்றைத் தெர்மாகோல்மேல் வைத்து, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனாள். சில்லு அசையவில்லை. அதை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தாள்.

"என்ன, நீச்சல் பழக்கறியா?" என்று டாக்டரம்மா கேட்டு வாயை மூடவில்லை. தெர்மாகோல் நகர்ந்தது. தட்டுச் சத்தம் கேட்ட பூனைபோல, அவசரமில்லாமல், நேராகக் காந்தத்தை நோக்கி வந்தது. காந்தத்தை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். அதுவும் திரும்பி அந்தப் பக்கம் போனது.

"அந்த நெளிவு கோமேதகத்துக்கே உள்ள அடையாளம். இரும்பு இருக்கறது இழுபடுது. கண்ணாடிக்கு என்ன வந்தது?"

டாக்டரம்மா அத்தனை சீக்கிரம் விடுகிற ஆளில்லை. "சரி, கல்லு நல்ல கல்லாவே இருக்கட்டும். ஆனா நான் குடுத்தது சிவப்பு."

இதற்காகவே காத்திருந்தவள்போல, கல்லுக்காரி இழுப்பறையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தாள். மேலே டாக்டரம்மா பெயரும் தேதியும். உள்ளே கசங்கிய சிவப்புத் தகடு, ஓரமெல்லாம் கறுத்துப்போய்.

"உங்க மோதிரத்துல பின்பக்கம் மூடியிருந்தது. சோப்புத் தண்ணி உள்ள போய் அழுக்கு அடைஞ்சிருந்தது. தெறந்து பாத்தா கல்லுக்கு அடியில இது."

தகட்டைக் கல்லுக்கு அடியில் வைத்தாள். அதே சிவப்பு! படிக்கட்டு படிக்கட்டாக நாங்கள் பார்த்த அதே மாணிக்கம். எடுத்தாள், ஆரஞ்சு. வைத்தாள், சிவப்பு. மூன்றாவது முறை வைக்கப் போனபோது டாக்டரம்மாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். தெறந்து விடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கணும். அது என் தப்பு. அது ஒண்ணுதான். தகடு வேணும்னா வெச்சு மூடித் தரேன்."

டாக்டரம்மா கல்லை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "வேணாம். இப்படியே பதி" என்றாள். பிறகு முதலாளிக்குத் தானே போன் போட்டாள்: "நான்தாங்க பின்பக்கத்தைத் தெறந்து விடச் சொன்னேன். கோமேதகம்னா வெளிச்சம் உள்ள போகணும், தெரியுமில்ல?" கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது.

என் பக்கம் திரும்பினாள் கல்லுக்காரி. "அக்கா, போன தடவை எத்தனை வீடு?"

"நாலே நாலுதான்."

"இதுக்கு எட்டு வீடாவது போங்க."

பதினொன்று போனேன். சாயங்காலம் கடை ஆள் வந்தான். கல் பெட்டி மேசையிலேயே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்தான். கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தவள் நிமிரவே இல்லை.

"புதன்கிழமைக்கு முன்னாடி முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள்.