தெருவைப் பார்த்த சப்பாத்துகள்

சனிக்கிழமை நாலு மணிக்குக் குதிரைப் படம் தொடங்கும். மூன்றே முக்காலுக்கே மகேந்திரராஜா வந்துவிடுவார். தன் அறையில் டி.வி. இல்லை என்பது அவர் சொன்ன காரணம். எட்டு வாரமாக அந்தக் காரணத்தைச் சொல்லி எங்கள் நார்த்மீட் வீட்டின் ஒரே நல்ல கதிரையில் உட்கார்ந்து அக்காவின் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா சத்தியபாமா ஆஸ்பத்திரியில் தாதி. யாழ்ப்பாணத்திலிருந்து என்னை இந்த நாட்டுக்கு அழைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் அவள்தான். நான் ஆங்கிலம் பேச வாயைத் திறந்தால் வகுப்பு சிரித்தது. பதினைந்து வயதில் நின்றுவிட்டேன். பிறகு சமையல், டி.வி., ஒருவருக்கும் காட்டாத கொப்பிகள். அவற்றில் ஒன்றில் எழுதினேன்: 'இவருடைய சப்பாத்துகள் எப்போதும் தெருவைப் பார்த்தபடி நிற்கின்றன.'

வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவரின் சப்பாத்து வீட்டைப் பார்த்துத்தானே கிடக்கும்? என்னுடையதும் அக்காவுடையதும் அப்படித்தான் கிடந்தன. அவருடையது மட்டும் கிளம்பத் தயாராக நின்றது.

அந்த வாரப் படத்தில் ஓர் அந்நியன் ஒரு விதவையின் குதிரைப் பண்ணைக்கு வந்தான். வேலியைத் திருத்தினான். அவள் பழைய நீலச் சட்டையைத் தேடி எடுத்து உடுத்தாள். கறுப்பு வெள்ளை டி.வி.யில் அது நீலம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஆனால் மூன்று நாளாகியும் அவன் தன் குதிரையின் சேணத்தைக் கழற்றவில்லை. விதவை அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"இவனை நம்பேலாது, சத்தியா. சிரிக்கிற சிரிப்பைப் பாருங்கோ" என்றார் மகேந்திரராஜா.

"உங்களைவிட வடிவாத்தான் சிரிக்கிறான்."

"அப்ப அவனையே கட்டுங்கோவன்."

"அவன் கேக்கேல்லையே. கேட்ட ஆளைத்தானே கட்டலாம்."

அவர் கேட்டுவிட்டார் என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன். திரையில் ஷெரீஃப் வந்து விதவையின் கதவைத் தட்டினார். மிச்சம் அடுத்த சனிக்கிழமை.

அவர் போன பிறகு அக்கா சொன்னாள்: "மூண்டு கிழமையில கலியாணப் பதிவு. நீயும் எங்களோடதான் இருப்பாய், பயப்பிடாதை."

எனக்கு வேறு பயம். அக்காவோடு வேலை செய்த ஒரு தாதியின் கணவன், இந்த நாட்டில் தங்கும் பேப்பர் கைக்கு வந்த மாதமே காணாமல் போனான். அந்தக் கதையை எனக்குச் சொன்னவளே அக்காதான். அக்காவிடமும் அந்தப் பேப்பர் இருந்தது; அவளைக் கட்டுகிறவருக்கும் அது கிடைக்கும்.

புதன்கிழமை, அவள் வேலைக்குப் போனதும், கிரான்வில்லுக்குப் போனேன். அங்கே ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் களஞ்சியத்தைப் பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார். வாசலில் இருந்த எழுத்தர் பதிவேட்டை இரண்டு தரம் பார்த்தார். அப்படி ஒருவரும் இல்லை என்றார். நான் யார் என்று கேட்டார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளி, அந்த ஆளின் பெயரையும் என் முகவரியையும் எழுதச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. எழுதத் தெரியும். என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. அவர் சப்பாத்தைத் திருப்பி வைப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் வந்தார். காலை உதறி, ஒன்று அங்கும் ஒன்று இங்குமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இரண்டும் வீட்டைத்தான் பார்த்தன.

சற்றுப் பொறுத்து அக்கா வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குனிந்து, அந்தச் சப்பாத்துகளை இரண்டு கையாலும் எடுத்து, தெருவைப் பார்க்கச் சேர்த்து வைத்தாள்.

நான் அவள் பின்னால் குசினிக்குப் போனேன்.

"அக்கா, அந்தத் தொழிற்சாலையில அப்பிடி ஒரு ஆள் இல்லையாம்."

அவள் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள். "அங்கை அவர் வேற பேரில. விசா முடிஞ்சு ஏழு மாசம். முதல் நாளே எனக்குச் சொன்னவர்."

"அப்ப பேப்பருக்காகத்தான் உன்னை..."

"அதையும் யோசிச்சனான். நான் என்ன மோட்டுப் பெட்டையே?" பிறகுதான் அவள் முகம் மாறியது. "எடி, உனக்கு ஆர் சொன்னது?"

முன்னறையில் குதிரைக் குளம்புகள் கேட்டன. படத்தின் இரண்டாம் பாதி. அதற்கு மேலாக எங்கள் கதவைத் தட்டும் சத்தம்.

முன்னறைக்கு ஓடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். தெரு மூலையில் சாம்பல் நிறக் கார். தொப்பி போட்ட ஒருவர், கையில் கோப்பு. கோப்பின் மேல் நான் எழுதிய தாள்.

அக்கா அசையவில்லை. நான் கதவைத் திறந்தேன். அவர் கண் கீழே போகுமுன் வெளியே ஓர் அடி வைத்தேன். திருப்பி வைத்திருந்த சப்பாத்துகளுக்குள் என் கால்கள் நேராக இறங்கின.

குடிவரவு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். தொழிற்சாலையில் ஒருவரைத் தேடியது நான்தானா?

"நான்தான். அவருடைய தாய் தேடச் சொல்லி ஊரிலிருந்து எழுதியிருந்தார். எங்களுக்கும் கிடைக்கவில்லை" என்றேன். ஆங்கிலத்தில், முழு வசனங்களாக. அவர் சிரிக்கவில்லை.

என் காலைப் பார்த்தார். "பெரிய சப்பாத்து."

"அப்பாவுடையது. தோட்ட வேலைக்குப் போடுவேன்."

முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த எங்கள் புல்லைப் பார்த்தார். ஓர் அட்டையைத் தந்துவிட்டுப் போனார். கார் புறப்படும் சத்தம் கேட்கவில்லை.

உள்ளே கதிரை காலியாக இருந்தது. குசினியின் பின்கதவு திறந்து கிடந்தது. வேலி இடுப்பளவுதான். போய்விட்டார் என்று நினைத்தேன். ஆனால் கதவுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றார். அவர் கையை அக்கா பிடித்திருந்தாள்.

"சப்பாத்தில்லாமல் எங்கை ஓடுறது, தங்கச்சி?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அவரை நிறுத்தியது சப்பாத்தா அக்காவின் கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆர் சொல்லியிருப்பினம்?" என்று அவர் கேட்டார். அக்கா என்னையே பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். தொழிற்சாலை, எழுத்தர், தாள், முகவரி எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது எனக்கே புதிதாக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அக்கா அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"சப்பாத்தோட வீட்டுக்குள்ள வந்திட்டாய்" என்றாள். "கழட்டு."

முன்னறையில் சவர்க்கார விளம்பரம் ஓடியது. அந்த அந்நியன் தூக்கில் தொங்கினானா, விதவையைக் கட்டினானா, எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கார் இன்னும் மூலையில் நின்றது.

அக்கா இத்தனை நாளும் விட்ட பிழை எனக்குப் புரிந்தது. தேடி வருகிறவர்கள் முன்வாசலால்தான் வருவார்கள்; ஓடுகிறவர் பின்வாசலால்தான் ஓட வேண்டும். சப்பாத்துகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பின்வாசல் படியில், முனைகள் வேலியைப் பார்க்க, இரண்டையும் சேர்த்து வைத்தேன்.