மூன்றாம் மறுப்பு

1930 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, மாலை ஆறு நாற்பது, ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லை, கதவோரத்து வெப்பமானி ஃபாரன்ஹீட் எண்பத்தெட்டில் நிற்கிறது... இவ்வளவையும் அந்தத் தாளில் எழுத வேண்டியதில்லை, தேதியும் பெயரும் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள், நடுவில் இரண்டு சொற்கள், ‘சம்மதிக்கிறேன்’, ‘சம்மதிக்கவில்லை’, ஒன்றை அடித்துவிட்டு மற்றதன் கீழே கையெழுத்திட வேண்டும், ஆனால் பக்கத்து மனைக்காரர் திரு. டக்கெட் இதைக் கொண்டுவந்து கொடுத்தபோதே ‘சம்மதிக்கவில்லை’ என்பதன் மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்றை இழுத்திருந்தார், உதவியாக இருக்கட்டும் என்று, வயதான பெண்மணிக்குச் சாலையைக் கடக்கக் கைகொடுப்பது போல. சிக்னே ஹால்பெர்க் சமையலறை மேசையில் அமர்ந்து அந்தக் கோட்டை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். ரப்பர்த் துகள்களிலும் பச்சை. இந்த வீட்டில் இப்போது எதைத் தேய்த்தாலும் பச்சைதான் வருகிறது, குளியல் தொட்டியில், காலுறைகளில், கணவர் ஆர்விட்டின் தலையணை விளிம்பில்... தலையணைக்கு எப்படிப் போயிற்று, காதுக்குள் போய்த்தான் அங்கே வந்திருக்க வேண்டும்.

பக்கத்து மனை போன கோடைவரை வெறும் மனையாக இருந்தது, பூண்டும் தகர டப்பாக்களும், அவற்றை அவள் குறை சொன்னதுண்டு, இப்போது அந்தப் பூண்டுகளிடம் மன்னிப்புக் கேட்கத் தயார். டென்னசியிலிருந்து டக்கெட் வந்தார், வேலி போட்டார், குட்டி கோல்ஃப் என்றார், நகரம் முழுவதற்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது மேடம், மினியாபொலிஸ் மட்டும் என்ன பாவம் செய்தது என்றார். காற்றாலை ஒன்று, சாய்ந்த பீப்பாய் ஒன்று, வாய் பிளந்த மரத் தவளை ஒன்று, பந்து தவளையின் வாயில் நுழைந்து அதன் பின்புறம் வழியே வெளியே விழும், விழும்போதெல்லாம் சிரிப்பு, வங்கி எழுத்தர்கள், பல் மருத்துவர், ஞாயிறு வகுப்பு ஆசிரியை, வளர்ந்த மனிதர்கள், ஒவ்வொரு முறையும், முதல் முறை பார்ப்பவர்கள் போலவே... சிரித்து முடித்துத் தொத்திறைச்சி ரொட்டியின் காகிதத்தை அவளுடைய செடிகளுக்குள் எறிவார்கள், கடுகுச் சாந்து வழியும் காகிதம், அதன் மேல் எறும்பு. கால் வைக்கும் தரையும் புல் அல்ல, பருத்திக்கொட்டை உமியை எண்ணெயில் பிசறிப் பச்சைச் சாயம் ஏற்றிப் பரப்பியிருக்கிறார்கள், இந்த வெயிலில் அது கழுவாத வாணலியைப் போல நாறும். சன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் நாறுகிறது, நாறுவதா வேகுவதா என்று ஒவ்வொரு மாலையும் அவளே முடிவு செய்ய வேண்டியிருந்தது, அந்த முடிவுக்கு மட்டும் யாரும் தாள் கொண்டுவரவில்லை.

தாள் இதற்குத்தான். தற்காலிக அனுமதி நாளையோடு தீர்கிறது, நிலையான அனுமதி வேண்டுமென்றால் ஒட்டிய வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பது நகரசபையின் விதி, ஒரு பக்கம் தேவாலயத்தின் நிலக்கரிக் கிடங்கு, அது எதற்கும் சம்மதிக்கும், மறுபக்கம் இந்த வீடு, அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்தது. சம்மதிக்கவில்லை என்றால் சனிக்கிழமை வேலி பிரிக்கப்படும், விளக்குகள் இறங்கும், தவளை லாரி ஏறும், ஆர்விட்டின் வேலையும் அத்தோடு போய்விடும்.

வேலை... அதை வேலை என்று சொல்ல அவள் நாக்கு இன்னும் பழகவில்லை. பியானோக் கடையில் வேலை பார்த்தவர், கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையோடு, வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று விரல்களால் மூன்று சுரங்களை ஒன்றாகத் தட்டிவிட்டு அந்த ஓசை அடங்கும்வரை காத்திருப்பார், அந்தக் காத்திருப்பில் விற்பனை முடிந்துவிடும். ஜனங்கள் ரேடியோ வாங்கத் தொடங்கினார்கள், மார்ச்சில் கடை மூடிற்று. பிறகு இதோ, எதிரே இருக்கும் இந்த நாற்காலியில், அதே கழுத்துப்பட்டையோடு, செய்தித்தாளின் ஒரே பக்கத்தை மதியம்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உருளைக்கிழங்கு உரிக்கும்போது தோல் விழும் சத்தத்துக்குக்கூட அவர் தோள் துடித்தது. அதை அவள் மறக்கவில்லை. நியாயமாக எடைபோட வேண்டுமென்றால் அந்த நாற்காலியையும் தட்டில் வைக்க வேண்டும். மறுதட்டில் முழங்கால்கள். ஸ்காட்லாந்துக்காரன் வேடம் போட்டால் கூட்டம் வரும் என்று டக்கெட் ஒரு கட்டம் போட்ட பாவாடையையும் குஞ்சம் வைத்த தொப்பியையும் கொடுத்திருக்கிறார், அவளே இத்தனை ஆண்டுகளில் பகல் வெளிச்சத்தில் பார்த்திராத முழங்கால்களை இன்று தெருவே பார்க்கிறது, வெளுத்த, மயிரற்ற, தண்ணீரில் ஊறிய அப்பத்தைப் போன்ற முழங்கால்கள்.

சன்னலுக்கு வெளியே யாரோ இளைஞன் கத்தினான்.

“பெரியவரே, உள்ள என்ன போட்டிருக்கீங்க?”

“என் வீட்டுக்காரியக் கேளுப்பா. அவதான் துவைக்கிறா. அதோ, அந்தச் சன்னல்.”

சிரிப்பு. எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, ரப்பரை எடுத்து, இல்லாத கோட்டை இன்னும் ஒருமுறை அழித்தாள். இந்தக் குரல் எங்கே இருந்தது இவ்வளவு நாளும், இந்த வேடிக்கை, இந்த வாய்... இந்த மேசையில் ‘உப்பு’ என்பார், ‘மழை’ என்பார். இரவில் பச்சையைத் தேய்த்துக் கழுவும்போது சீட்டியடிக்கிறார். இந்த வீட்டுக்குள் அவர் சீட்டியடித்து அவள் கேட்டதே இல்லை. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஏன் அருவருப்பாக இருக்க வேண்டும், ஒரு மனிதன் சந்தோஷமாக இருப்பதில் அழுக்கு எங்கே இருக்கிறது, தெரியவில்லை, ஆனால் இருந்தது, தொண்டையில், எண்ணெய்ப் படலத்தைப் போல.

சொல்லாமலா இருந்தாள். இரண்டு முறை சொல்லியாயிற்று. அதுதான் கேடு, இரண்டு முறை. அவள் தெருவில் எல்லாரும் ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள், காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார்கள், மறுபடி கேட்டால் இல்லை, நிஜமாவே வேண்டாம் என்பார்கள், மூன்றாவது முறை கேட்டால் சரி, அரைக் கோப்பை என்பார்கள், பிறகு மூன்று கோப்பை குடிப்பார்கள். முதல் கேள்விக்கே கை நீட்டுபவள் பறக்காவெட்டி, மூன்றாவது முறை கேட்காதவள் கஞ்சப்பிசினாறி. பல் மருத்துவர் ஒஹையோவிலிருந்து கட்டிக்கொண்டுவந்த மனைவி ஒரே முறை கேட்டுவிட்டுக் காபிப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனாள், தையல் சங்கத்துப் பெண்கள் வறண்ட வாயோடு வீடு திரும்பினார்கள், அந்தக் கதையை இன்னும் அடிகுரலில் சொல்லிக்கொள்கிறார்கள், ஒரு கொலையைப் பற்றிப் பேசுவது போல.

முதல் முறை டக்கெட் வந்து கேட்டபோது அவள் தெளிவாகத்தான் சொன்னாள், வேண்டாம் திரு. டக்கெட், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. மனிதரின் முகம் வெளுத்துவிட்டது, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே படியிறங்கினார், அந்த வெளுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது, யாரோ ஒருவர் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அரைமணி நேரம்தான். பிறகு சாமான் அறைச் சன்னல் வழியாக, வேலியோரத்தில் ஆர்விட் டக்கெட்டிடம் பேசுவது காதில் விழுந்தது.

“கவலைப்படாதீங்க சார். அது முதல் வேண்டாம். எங்க ஆளுங்க மூணாவது தடவைதான் சரின்னு சொல்லுவாங்க.”

“ரெண்டாவது தடவையும் வேண்டாம்னு சொன்னா?”

“அப்போ எல்லாம் ஒழுங்காப் போகுதுன்னு அர்த்தம்.”

இரண்டாவது முறை டக்கெட் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். எனக்குப் பிடிக்கவில்லை என்றாள், சத்தம் பிடிக்கவில்லை, நாற்றம் பிடிக்கவில்லை, என் கணவர் அந்த வேடத்தில் நிற்பது பிடிக்கவில்லை, வேண்டாம். அவர் முகம் மலர்ந்தது, பாடத்தைச் சரியாக ஒப்பித்த குழந்தையைப் பார்ப்பது போலத் தலையசைத்தார், ரொம்ப நன்றி மேடம், வியாழக்கிழமை வாங்கிக்கிறேன் என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். டில்டா எக்ஸ்ட்ராம், எதிர்வீட்டுக்காரி, நாற்பது ஆண்டுத் தோழி, அவளாவது... துணி காயப்போடும்போது அவளும் சொன்னாள், “ஏம்மா, எப்படியும் போடத்தான் போற, அந்த மனுஷனை எதுக்கு இழுத்தடிக்கிற? நீ எப்பவும் கொஞ்சம் அதிகமாவே மரியாதை பாக்கறவ.” மரியாதை. சட்டையைப் பிடித்து உலுக்கினால்கூட மரியாதை என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது. இவர்களுடைய மொழியில் நிஜமான வேண்டாமுக்குச் சொல்லே இல்லையா, எவரும் சொன்னதில்லையா... அம்மா சொன்னாள். கடைசி நாளில் தண்ணீர் வேண்டாம் என்றாள், மறுபடியும் வேண்டாம் என்றாள், மூன்றாவது முறை கேட்டபோது பதில் இல்லை, சரி என்றுதான் அர்த்தம் என்று சிக்னே கரண்டியால் ஊற்றினாள், அது கடைவாய் வழியே வழிந்து கழுத்துக்குள் இறங்கியது, அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று யோசிக்காமல் இருக்க இத்தனை காலம் பழகியிருக்கிறாள். அப்படியானால் டக்கெட்டை மட்டும் என்ன சொல்வது. கரண்டி இவள் கையிலும் இருந்தது.

ஏழேகால். விளக்குகள் எரிந்தன, சமையலறைச் சுவரில் வேலியின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்தது, ஒலிபெருக்கியில் அதே இசைத்தட்டு தொடங்கியது. பேனாவை மையில் தோய்த்தாள், தோய்த்தவள் எழுதவில்லை. கட்டிக்கொள்கிறாயா என்று மூன்று முறை கேட்டவர் ஆர்விட்டும்தான். மின்னஹாஹா அருவியில் ஸ்வீடன்காரர் சங்கத்தின் கோடைக்கால விருந்து, திரும்பி வரும் டிராமில் முதல் முறை கேட்டார், இறுக்கமான கையுறை, தலையில் வாசனை எண்ணெய், அவள் வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு டிராமிலிருந்து இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது, படி இருப்பது தெரியாமல் இறங்கினாள். அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில், வேண்டாம் என்றாள், அப்போது லேசாக இருந்ததா, நினைவில்லை, எல்லாரும் புன்னகைத்தார்கள், அது நினைவிருக்கிறது, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று புன்னகைத்தார்கள். மூன்றாவது முறை இந்த வீட்டின் கதவருகே, உள்ளே அம்மா கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது, எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக. சரி என்றாள். அரைக் கோப்பை என்பது போல. அந்த இரண்டு வேண்டாமும் மரியாதைக்குச் சொன்னவைதானா... ஆம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள், நினைத்திருந்தாள் என்பதும் தவறு, நினைக்கவே இல்லை, யாரும் கேட்கவில்லை. வெளியே பந்து தவளைக்குள் போய் விழுந்தது, சிரித்தார்கள். இந்த அருவருப்பு உமியின் மேலா, தவளையின் மேலா, முழங்கால்களின் மேலா, அல்லது இத்தனை ஆண்டும் வேண்டாம் என்பதைச் சரியாக இரண்டு முறை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்ட ஒருத்தியின் மேலா. நாற்காலியைப் பார்த்தாள். திங்கட்கிழமை அவர் இதில் வந்து உட்காருவார். கழுத்துப்பட்டைக்குக் கஞ்சி போட வேண்டியிருக்கும்.

‘சம்மதிக்கிறேன்’ என்பதன் மேல் மையால் ஒரு கோடு இழுத்தாள், நேராக, ஒருமுறை. மற்றதன் கீழே முழுப் பெயரை எழுதினாள், மையொற்றியால் ஒற்றினாள், சமையல் மேலங்கியைக் கழற்றிவிட்டு, முகம் கழுவாமல், பக்கவாசல் வழியே இறங்கினாள்.

வேலிக்குள் அவள் வருவது இதுவே முதல்முறை. காலுக்கடியில் உமி மெத்தென்று அமுங்கியது, உயிருள்ள எதையோ மிதிப்பது போல. சீட்டுக் கூண்டுக்கு அருகில் டக்கெட் நின்றிருந்தார், அவருக்கு முன்னால் ஆர்விட், ஒரு சிறுமியின் கையில் மட்டையைப் பிடித்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார், குஞ்சம் நெற்றியில் ஆடியது.

“வந்துட்டா பாருங்க. நான் சொன்னேன்ல?” என்றார் டக்கெட்டிடம். பிறகு அவளிடம், “கொண்டா. சமையலறையிலேருந்து நேரா வந்திருக்க. ஒரு ஆட்டம் ஆடறியா?”

“வேண்டாம்.”

“சும்மா ஒரு ஆட்டம்.”

அவள் தாளை நீட்டினாள். டக்கெட்டும் கை நீட்டினார், ஆனால் ஆர்விட் முந்திக்கொண்டார், கணவன் கையால் கொடுத்தால்தான் அழகு என்பது போல. பாவாடையில் பை கிடையாது, மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது, ஆகவே தாளை எட்டப் பிடித்து விளக்கின் கீழே சாய்த்தார். உதடுகள் அசைந்தன. நின்றன. மீண்டும் மேலிருந்து தொடங்கி அசைந்தன. டக்கெட்டின் புன்னகை இன்னும் கலையவில்லை. ஆர்விட் தொப்பியைக் கழற்றினார், ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, நெற்றியில் தொப்பி இறுக்கிய சிவந்த கோடு.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே, சிக்னே.”

குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கு அவள் ஆயத்தமாக வந்திருந்தாள், அதற்கான சொற்களை மேசையிலேயே அடுக்கி வைத்திருந்தாள், அவற்றில் ஒன்றும் இப்போது பயன்படவில்லை. அவர் முகத்தில் பாசாங்கு எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள், பச்சைப் பொடி இருந்தது, பாசாங்கு இல்லை, வெறும் வியப்பு, உண்மையாகவே கேட்கிறார், தான் எதையும் கேட்காமல் விட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. முதலிலேயே என்று எந்த நாளைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வாயெடுத்தாள்... கேட்டால் அவர் யோசிப்பார், யோசித்தால் ஒருவேளை டிராம்வரை போய்விடுவார், போய்விட்டு அவளிடம் பதில் கேட்டால் அவளிடம் பதில் இருக்கிறதா. அந்தச் சிறுமி, “நான் அடிக்கலாமா, அங்கிள்?” என்றாள். ஆர்விட் அவளுக்கு மெல்லத் தலையசைத்துவிட்டு, தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்து, டக்கெட்டிடம் கொடுத்தார்.