ஐம்பத்தேழு கிலோ

பத்து நாளாகத் திலகவதிக்குப் பசிக்கவில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. கண் அயர்ந்தால் மூச்சு நின்றுபோனதுபோல் திடுக்கிட்டு எழுந்தாள். பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், லே நகரத்தில், தன்னோடு பட்டாளத்தில் இருந்த ஒருவரின் ஜிம்முக்கு அவளைக் கூட்டிவந்திருந்தார் அன்புராஜ் மாஸ்டர். கவரைப்பேட்டையில் அவளுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுப்பவர்.

எல்லாம் பொன்னேரி ஹெலனால் வந்தது. ஜூனியர் பெண்களில், அறுபத்து மூன்று கிலோ எடைப் பிரிவில், ஹெலன் தரையிலிருந்து நூற்று நாற்பத்தைந்து கிலோ தூக்குகிறாள். திலகவதி நூற்று நாற்பது. பிரிவுக்கு ஒருத்திதான் மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே மெடல் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எழுதிப்போடலாம். கம்பெனி வாசலை மறந்துவிடலாம்.

"ஓட்றவன்லாம் மலைக்குப் போய்த்தான் ரத்தத்த ஏத்திக்கினு வரான். தூக்கறவளுக்கு மட்டும் ஆவாதா?" என்றார் மாஸ்டர்.

முதல் தூக்கு ஊரில் தூக்கியது மாதிரியே வந்தது. இரண்டாவதும் வந்தது. அதற்குமேல்தான் கஷ்டம். ஊரில் மூன்று நிமிஷத்தில் அடங்கும் மூச்சு இங்கே பத்து நிமிஷமாகியும் அடங்கவில்லை. நேற்றைய உடம்புவலி இன்றும் அப்படியே இருந்தது.

ஈஸ்வரி போன் செய்தாள். பின்னால் மிஷின் சத்தம்.

"இன்னாடி, துன்னியா?"

"எறங்க மாட்டேங்குது."

"சரி, வரும்போது அர டிக்கெட்டுல வந்துடு. காசு மிச்சம்."

கும்மிடிப்பூண்டியில் பிரேக் சாமான் பேக் செய்யும் லைனில் இருவரும் ஒன்றாக நிற்பவர்கள், மாஸ்டரிடம் ஒன்றாகப் பளு தூக்குபவர்கள். காண்ட்ராக்டருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், எந்தத் தலை என்று பார்க்கமாட்டான். ஈஸ்வரி தன் ஷிஃப்ட்டை முடித்துக்கொண்டு அப்படியே திலகவதியின் ஷிஃப்ட்டுக்கும் நின்றாள். பேர் திலகவதிக்கு, சம்பளமும் திலகவதிக்கு. லைனில் இதற்குக் காசு பேசுவதில்லை. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் நின்று கழிக்க வேண்டும். மூன்று வாரத்தில் பதினெட்டு ஆயிற்று.

திரும்பி வந்ததும் மாஸ்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். பன்னிரண்டாக இருந்த ஹீமோகுளோபின் பதினைந்தைத் தொட்டிருந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஓட்டமாக ஏறினாலும் திலகவதிக்கு மூச்சு வாங்கவில்லை. மாஸ்டர் ரிப்போர்ட்டை ஜிம்மில் எல்லோரிடமும் காட்டினார். அப்புறம் கம்பியில் நூற்று நாற்பது ஏற்றினார்.

கம்பி தரையை விட்டு அசையவில்லை. நூற்று முப்பதுதான் வந்தது. ரத்தம் ஏறியிருந்தது, சதை இறங்கியிருந்தது. ஒரே மூச்சில் தூக்கி வைக்கிற வேலைக்கு ரத்தத்தைவிடச் சதைதான் வேண்டும். எடை மிஷினில் அறுபத்தொன்றாக இருந்தவள் ஐம்பத்தேழு சொச்சம்.

மாஸ்டர் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐம்பத்தேழு கிலோ பிரிவுல எறங்கிடு. சொச்சத்தக் கொறச்சா போதும்."

"அது ஈஸ்வரி எடமாச்சே, மாஸ்டர்."

"எடம்னு பட்டா போட்டு வெச்சிக்கீறாளா? மூணு வாரம் முழுக்க டபுள் ஷிஃப்ட் நின்னவ. கம்பியத் தொட்டே ஒரு மாசமாவுது."

ஈஸ்வரி முன்பு நூற்று முப்பத்திரண்டரை தூக்கியவள். ஜூனியரில் அவளுக்கு இது கடைசி வருஷம்.

திலகவதி இரண்டு ஷிஃப்ட் நின்று கழித்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மணியில் விஷயத்தைச் சொன்னாள். ஈஸ்வரி தன் டப்பாவைத் திறந்து நகர்த்தினாள். கருவாட்டுக் குழம்பு, சோறு.

"துன்னு. நாலு நாள் நல்லா துன்னா அறுவதுக்குப் போயிடுவே. உன் பிரிவுலியே நில்லு."

"ஹெலன் கிட்டக்க தோத்துடுவேன்."

"தோத்தா இன்னா? அடுத்த வருஷம் உனுக்குக் கீதே. எனுக்கு இல்லடி."

மலையிலிருந்து இறங்கிய அன்றே திலகவதிக்குப் பசி திரும்பிவிட்டிருந்தது. குழம்பு வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது.

"பசிக்கல," என்றாள்.

ஈஸ்வரி டப்பாவை மூடினாள்.

திருவள்ளூரில் போட்டியன்று காலை திலகவதியின் எடை ஐம்பத்தாறு கிலோ தொள்ளாயிரம். ஈஸ்வரி நூற்றிருபத்தேழரையை எடுத்தாள். நூற்று முப்பது அவள் முழங்கால்வரை வந்து கீழே விழுந்தது. திலகவதி அதே எடையை எடுத்து நிமிர்ந்து நின்றாள். தூக்கு செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மாஸ்டர் விசில் அடித்தார்.

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஈஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனுக்கு மூச்சுகூட வாங்கலடி."

"ஈசு..."

"திங்கக்கெழமை செகண்ட் ஷிஃப்ட். என் பேர்ல நிக்கணும். லேட்டா வந்தே, மவளே, கெட்ட கோவம் வரும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். திலகவதி வாசலில் நின்று இரண்டு பன்னை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள். ஈஸ்வரிக்கு அவள் நின்று கழிக்க வேண்டியது இன்னும் பதினாறு ஷிஃப்ட்.