முதுகில் வந்த பதில்

மனுத்துறை இணையதளத்திலிருந்து அழிக்கப்பட்ட வாக்கியம் மறுநாள் அத்துறை இயக்குநரின் முதுகில் வந்து உட்கார்ந்தது. 'உங்கள் மனுவை யாரும் படிக்கவில்லை' என்ற அந்த ஒற்றை வரியை, யாரென்று தெரியாத சிலர் தளத்துக்குள் புகுந்து முகப்பில் போட்டிருந்தார்கள். புகுவதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை. தளத்தைத் தொடங்கிவைத்த அன்று இயக்குநர் கணினியருகே சிரித்தபடி நின்ற படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. திரையோரம் ஒட்டியிருந்த சீட்டில் கடவுச்சொல் அவருடைய பல்வரிசையைப் போலவே தெளிவாகத் தெரிந்தது. வரி பல நாள் முகப்பிலேயே கிடந்தது. துறையில் யாருக்கும் அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கும் வழக்கமில்லை. விடுப்பிலிருந்து திரும்பிய கணினி ஆபரேட்டர்தான் பார்த்து, விதிப்படி மேலிடத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, அதை அழித்தார்.

அழிந்த வரி வெள்ளைச் சட்டையில் கறுப்பாகவும் கறுப்புக் கோட்டில் வெள்ளையாகவும் தெரிந்தது. வெறும் முதுகிலும் இருப்பதாக இயக்குநரின் மனைவி தன் தங்கையிடம் சொன்னார். கணவரிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்த வாரத்தில்தான் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை எழுதிய குழுவுக்கு இயக்குநரே தலைவர். அந்த வரியைப் படிப்பது குற்றம். படித்தவர் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவர் படித்தவராகக் கருதப்படுவார். நாட்டைக் காப்பாற்ற இவ்வளவு போதும் என்று அவையில் மேசையைத் தட்டினார்கள். கண்ணாடியில் அந்த எழுத்து விழுவதில்லை. ஆகவே அதை அறியாத ஒரே மனிதராக இயக்குநர் நிமிர்ந்து நடமாடினார். சட்டத்தில் முதலில் மாட்டியவர் ஆபரேட்டர். சாட்சி தேடும் வேலையே இல்லை. சட்டம் வருமுன்பே அவர்தான் எழுதித் தெரிவித்திருந்தாரே.

ஆபரேட்டரின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். கணவரை விடுவிக்கக் கேட்டு இயக்குநரிடம் மனுவோடு போனாள்.

"வச்சுட்டுப் போம்மா."

"போன வாரமும் வச்சேன் சார். அதுக்கு முந்தின வாரமும் வச்சேன்."

"பரிசீலனைல இருக்கு."

"படிச்சீங்களா சார்?"

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். பதிலை முதுகு சொன்னது. எந்த முதுகையும் கண்ணாலேயே அளந்துவிடும் தையல்காரிக்கு அந்த எழுத்து நூலுமில்லை, மையுமில்லை என்று உடனே தெரிந்தது. வாசல் காவலாளி சுவரைப் பார்த்தபடி, "நீ ஒண்ணும் பாக்கல தங்கச்சி. நானும் ஒண்ணும் பாக்கல," என்றான்.

நீதிமன்றத்துக்குப் போனாள். நீதிபதி மனுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாய்தா கொடுத்தார். அவர் எழுந்து திரும்பியபோது கறுப்பு அங்கியில் அதே வரி, இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில். அங்கிருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பிறகு துணைச் செயலாளர், சிறைத்துறைத் தலைவர், மறுபரிசீலனைக் குழு. கட்டைப் பிரிக்காத ஒவ்வொருவர் முதுகிலும் அது இருந்தது. அடுத்தவர் முதுகைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் முதுகைப் பற்றிச் சந்தேகம் வந்தது, கேட்கவோ வழியில்லை. உயரமான சாய்வு நாற்காலிகள் வாங்க நிதி ஒதுக்கினார்கள். அறையை விட்டுப் பின்பக்கமாக நடந்து வெளியேறப் பழகினார்கள். துணைச் செயலாளர் படியில் உருண்டு இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதற்கும் விசாரணைக் குழு போட்டார்கள். அதன் அறிக்கையையும் யாரும் படிக்கவில்லை.

கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போனபோது முதுகுகளைப் பற்றிச் சொன்னாள். ஆபரேட்டர் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "எங்கயாவது சுத்தமான முதுகு கிடைக்குதா பாரு."

"கடையில துணி எடுக்கச் சொல்ற மாதிரி சொல்றீங்க."

"நீதானே தையல்காரி."

மூன்றாம் வருடம் கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்தார். பொறுப்பேற்ற காலையில், அவர் ஜன்னலைத் திறக்க எழுந்தபோது தையல்காரி வாசலில் நின்று பார்த்தாள். வெளிர்நீலத் துணி, வெறுமையாக இருந்தது. மனுவை நீட்டினாள். மேசையில் வேறு காகிதம் எதுவும் இன்னும் வந்து சேராததால் அதிகாரி அதைப் படித்தார். முழுதும் படித்தார். சாயங்காலமே ஆபரேட்டர் சிறையிலிருந்து விடுதலையாகி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, தையல் இயந்திரத்தின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். அடுத்த வாரம் நன்றி சொல்லப் போன மனைவி, மேசையில் பிரிக்காத கட்டுகள் குவிந்திருக்க, அதிகாரி அலமாரிப் பக்கம் திரும்பியதும் அவர் முதுகைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

சட்டம் இன்னும் இருக்கிறது. கடவுச்சொல்லும் அதேதான். புதிதாக யாராவது பொறுப்பேற்கிறார் என்றால், அன்று அலுவலகம் திறக்கும் முன்பே வரிசை தெருமுனைவரை நின்றுவிடும். மதியத்துக்கு மேல் யாரும் வருவதில்லை.